பிள்ளைகளுக்காகப் போனோம்

"பிள்ளைகளுக்காகத்தான் போனோம்." இளங்குடும்பத்தோடு கடல் கடந்து சென்று, பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கும் பெற்றோர் பலரும் சொல்லும் சொல் இது. பங்குகளின் வெள்ளிவிழா மலர்களிலும், குடும்ப விழாக்களில் அச்சிட்டு வழங்கும் சிறு நூல்களிலும் இதை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். புறப்பாடு, துன்பம், உழைப்பு, இறையருள், பிள்ளைகளின் உயர்வு என்னும் ஐந்து படிகளில் அந்நினைவுக் கட்டுரைகள் ஏறி முடிகின்றன. அவற்றை எழுதியவர்களின் அன்பையும் நன்றியுணர்வையும் நாம் ஐயுறவில்லை. ஆயினும் ஒரு வாழ்வின் முழு வரலாற்றையும் அந்த ஒரே சொல் தாங்கிவிடுமா? இலக்கியம் இச்சொல்லை எவ்வாறு கையாண்டிருக்கிறது? நம் மண்ணில் பிறந்த ஒரு காப்பியத்தையும், தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எழுந்த சில புனைகதைகளையும் அருகருகே வைத்து இக்கேள்விகளை ஆராய முற்படுகிறோம்.

இந்த ஆராய்ச்சி வேற்றூர்ச் செய்தியன்று. வரதராஜன்பேட்டையும் அதைச் சூழ்ந்த ஊர்களும் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளன. 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இவை யாவும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்களை அனுப்பிய தமிழ் மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி முதன்மையான ஒன்று. மழையை நம்பிய செம்மண் மேட்டுநிலம் விளையாத ஆண்டில் கங்காணியின் முன்பணம் எத்துணை பெரிதாகத் தோன்றியிருக்கும் என்பதை முந்திரிக் காடுகளின் நடுவே வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

வளனின் வழிப்பயணம்

குழந்தையை எடுத்துக்கொண்டு அயல்நாடு சென்ற குடும்பத்தைப் பற்றித் தமிழில் எழுந்த மிகப் பெரிய இலக்கியம் தேம்பாவணி. 1726-இல் வீரமாமுனிவர் இயற்றிய அக்காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் சூசையப்பர். காப்பியம் அவரை வளன் என்று அழைக்கிறது. நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று போற்றி அங்குத் தங்கிப் பணிசெய்த வீரமாமுனிவரும் ஒரு புலம்பெயர்ந்தவரே. 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, தாயகம் திரும்பாமலேயே 1747-இல் இறந்தார். பிறந்த மொழியை விட்டு, வந்த இடத்தின் மொழியிலே தம் பெருநூலைப் படைத்தார்.

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் எகிப்துப் பயணம் சில வசனங்களில் முடிந்துவிடுகிறது. கனவில் வானதூதர் பேசுகிறார்; சூசையப்பர் இரவோடு இரவாக எழுந்து குழந்தையையும் தாயையும் அழைத்துச் செல்கிறார். எவ்வளவு நாள் நடந்தார்கள், என்ன உண்டார்கள், எங்கே தங்கினார்கள் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த மௌனத்தை வீரமாமுனிவர் விரித்துக் காப்பியமாக்குகிறார். நாட்டை விட்டு அகலும் பைதிரம் நீங்கு படலம், எகிப்தை அடையும் எசித்து சேர் படலம், திரும்பி வரும் மீட்சிப் படலம் எனப் பயணமே நூலின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கிறது. சோசுவன் வெற்றிப் படலம், சேதையோன் வெற்றிப் படலம் என்று பழைய ஏற்பாட்டு வரலாறுகள் இடையிடையே வருகின்றன.

இவ்வரலாறுகள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்று குறை கூறுவது எளிது. நமக்கு அவை வேறொன்றை உணர்த்துகின்றன. நாடு இழந்து நடக்கும் குடும்பத்துக்கு எடுத்துச் செல்லத்தக்க செல்வம் முன்னோரின் கதைதான். நிலத்தையும் வீட்டையும் மூட்டையில் கட்ட இயலாது. யார் வழி வந்தோம், எந்த இடர்களிலிருந்து மீட்கப்பட்டோம் என்பதை வழியில் சொல்லிக்கொண்டே போகலாம். அந்த வகையில் வீரமாமுனிவரின் காப்பிய அமைப்பு புலம்பெயர்ந்த குடும்பத்தின் உளவியலுக்கு மிக நெருங்கியது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. காப்பிய மரபு வேண்டும் வருணனைகளும் அணிகளும் வழிநெடுக நிறைந்திருப்பதால், கைக்குழந்தையோடு நடக்கும் ஓர் ஏழைத் தச்சனின் பசியும் அச்சமும் நம் கண்ணுக்கு எளிதில் தென்படுவதில்லை. நம் நினைவுக் கட்டுரைகளுக்கும் இதே குறை உண்டு. முடிவு நன்றாயிற்று என்று அறிந்த பின் எழுதுவதால், வழியில் இருந்த இருளுக்கும் பின்னாளில் கிடைத்த ஒளியையே பூசிவிடுகிறோம். நற்செய்தியாளரோ அவ்விருளை மறைக்கவில்லை. குடும்பம் தப்பிய அதே பகுதியில் பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்பட்டதையும் அவர் எழுதுகிறார். வீரமாமுனிவரும் குழவிகள் வதைக்கென ஒரு படலமே வகுத்திருக்கிறார். தப்பியவர்களின் கதையோடு தப்பாதவர்களின் கதையும் சேர்ந்திருக்க வேண்டும் என்னும் இந்த நேர்மையை நாம் குறித்துக்கொள்வோம்.

தோட்டம் ஏன் குடும்பத்தைக் கேட்டது?

இனி, தேயிலை மலைகளுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கைக்குக் காப்பிப் பறிக்கச் சென்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869 முதல் இலைநோய் காப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பி பருவத்தில் பறிப்பது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டியது. எனவே நிலையாகத் தங்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். கொழுந்து பறிக்கப் பெண்களும், கவ்வாத்து வெட்டவும் கான் வெட்டவும் ஆண்களும், சில்லறை வேலைகளுக்குச் சிறுவர்களும் வேண்டியிருந்தனர். ஆகவே கங்காணி குடும்பங்களைத் திரட்டினார்.

இந்த உண்மை "பிள்ளைகளுக்காகப் போனோம்" என்னும் சொல்லின் மறுபக்கத்தை நமக்குக் காட்டுகிறது. பெற்றோர் பிள்ளைகளின் வாழ்வுக்காகப் போனார்கள். தோட்டமோ பிள்ளைகளின் உழைப்பையும் கணக்கிட்டே அவர்களை வரவேற்றது. பெற்றோரின் அன்பும் முதலாளியின் கணக்கும் ஒரே பயணத்தில் இணைந்திருந்தன. தாய் கொழுந்துக்குப் போனால் கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவில் கிடந்தது. குறைந்த வேலைக்கு 'அரைப்பேர்' விழுந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக, கடனைக் குறித்த 'துண்டு' வேண்டியிருந்தது. 1921-இல் அத்துண்டு முறை ஒழிக்கப்படும்வரை கடனும் குடும்பமும் சேர்ந்தே கைமாறின.

இந்தக் கணக்கை இலக்கியம் கண்டதா? கண்டது. புதுமைப்பித்தன் 1930-களில் எழுதிய 'துன்பக்கேணி' அதைக் கண்ட முன்னோடிக் கதைகளுள் ஒன்று. அதில் மருதியின் வாழ்வைத் தோட்டம் சிதைக்கிறது. அவள் மகள் வெள்ளைச்சி அத்தோட்டத்திலேயே வளர்கிறாள். துன்பம் தாயோடு முடியாமல் மகளின் வாசல்வரை வந்து நிற்பதைக் காட்டியது அக்கதையின் வலிமை. தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி.எச்.டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று 2007-இல் தமிழுக்கு வந்தது. நெல்லைச் சீமையிலிருந்து ஆனைமலைத் தோட்டங்களுக்குச் செல்லும் கருப்பன், வள்ளி என்னும் இளந்தம்பதியரின் கதை அது. மேஸ்திரி தரும் முன்பணத்தில் தொடங்கும் பயணம், தீராத கடனாக அவர்களைப் பிணைக்கிறது. கடல் கடக்காமலேயே ஒரு குடும்பம் அயலார் ஆகிவிட முடியும் என்பதை அந்நாவல் நமக்கு உணர்த்துகிறது.

இலங்கையில் வாழ்ந்து தோட்ட மக்களின் வாழ்வை அருகிருந்து கண்ட கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964-இல் வெளிவந்தது. தலைமுறைகளின் கதையைச் சொல்லும் அந்நாவலின் தலைப்பே ஒரு திறனாய்வு. தொலைவில் தெரியும் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நம் வழக்கு. ஊரில் நின்று பார்த்தவருக்குத் தோட்டம் பச்சையாகத் தெரிந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் தோட்டத்தில் நின்று பார்த்தவருக்கு ஊர் பச்சையாகத் தெரிந்தது. நினைவும் தொலைவுதான், அதன் பச்சையையும் நாம் ஐயத்தோடு நோக்க வேண்டும்.

பிள்ளையின் கூற்று

பெற்றோர் திரும்பிப் பார்த்து எழுதியவை ஒருபுறம் இருக்க, யாருக்காகப் போனார்களோ அந்தப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? இக்கேள்விக்கு விடை தேடும்போது தெளிவத்தை ஜோசப்பை நாம் நன்றியோடு நினைக்கிறோம். 1934-இல் இலங்கையின் ஊவாப் பகுதித் தோட்டம் ஒன்றில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் நம் கும்பகோணத்தில் பயின்றவர். தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டு 2022-இல் மறையும் வரை எழுதியவர். 2013-இல் தமிழகத்தில் விஷ்ணுபுரம் விருது பெற்றபோதுதான் இங்குள்ள வாசகர் பலர் அவரை அறிந்தனர் என்பது நம் அறியாமைக்குச் சான்று.

அவருடைய 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவல் 1974-இல் வெளிவந்தது. 'நாமிருக்கும் நாடே' என்னும் சிறுகதைத் தொகுதி 1979-இல் வந்தது. அவர் கதைகளில் தோட்டம் இரங்கத்தக்க காட்சிப்பொருளாக வருவதில்லை. அது அவர் வீடு. 'மீன்கள்' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே லயத்து அறையில் படுத்தெழ வேண்டிய நிலை, குடும்பத்தின் மானத்தையே எப்படிச் சோதிக்கிறது என்பதை அது சொல்கிறது. வறுமையைப் பற்றி எழுதுவோர் பசியைக் கூறுவர். கதவில்லாத வாழ்வு தரும் நாணத்தைக் கூறுவோர் சிலரே. தந்தையின் நினைவுக் கட்டுரையில் "சிறிய வீட்டில் அன்போடு வாழ்ந்தோம்" என்று ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி, பிள்ளையின் கதையில் மூச்சுத்திணறும் அறையாகிவிடுகிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நின்ற இடம் வேறு.

'நாமிருக்கும் நாடே' என்னும் தலைப்பு பாரதியின் விடுதலைப் பாட்டை நம் நினைவுக்குக் கொண்டுவரும். பாரதியின் வரி நாடு நமது என்னும் உறுதியை நோக்கிச் செல்வது. ஜோசப்பின் தலைப்பு அவ்வுறுதிக்கு முன்பே நின்றுவிடுகிறது. 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கான தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்களான மண்ணில் பிறந்த எழுத்தாளருக்கு அந்த எஞ்சிய சொல்லைச் சொல்ல எளிதில் நா எழுமா? அத்தலைப்பை நாம் இவ்வாறே வாசிக்கிறோம்.

தாயின் குரலையும் இங்கே கருத வேண்டும். விழா மலர்க் கட்டுரைகளை எழுதுபவர் பெரும்பாலும் தந்தையரே. தாயரின் நினைவு தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தங்கியது. அவற்றின் அருமையை உணர்ந்த சி.வி. வேலுப்பிள்ளை தோட்டங்களில் வழங்கிய பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். எழுதத் தெரிந்தவர் மட்டுமே வரலாறு படைக்கிறார் என்று எண்ணுவோர்க்கு அந்நூல் ஒரு மறுமொழி. நற்செய்தியிலும் வானதூதர் சூசையப்பரிடமே பேசுகிறார். அன்னை மரியா அப்பயணத்தைப் பற்றி என்ன எண்ணினார் என்பதை மத்தேயு எழுதவில்லை. குழந்தையை மடியில் ஏந்தியவர் அவரே அல்லவா? நம் குடும்பங்களின் புலம்பெயர் கதைகளிலும் ஏந்தியவரின் சொல் இன்னும் எழுதப்படவில்லை.

மீட்சி என்னும் சொல்

திரும்பி வருதலைப் பற்றிய எழுத்தே இவ்வகை இலக்கியத்துக்கு உரைகல் என்பது நம் கருத்து. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்பாடு 9,75,000 பேரின் வாழ்வைத் தாளில் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். 1974-இல் அவ்வெஞ்சியவர்களும் 75,000 வீதம் இரண்டாகப் பகுக்கப்பட்டனர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக அக்குடும்பங்கள் வந்தன. அவர்களுள் மிகப் பலர் இந்தியாவை முதன்முறையாகக் கண்டவர்கள். 'திரும்பியவர்' என்னும் சொல் அவர்களுக்குப் பொருந்தவே இல்லை.

எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? பாட்டன் விட்டுச்சென்ற ஊரில் நிலமும் இல்லை; சில இடங்களில் உறவும் இல்லை. அவர்களின் மறுவாழ்வுக்கென 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில், நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும், மீண்டும் கொழுந்து கூடையைச் சுமந்தனர் பலர். அங்கே 'இந்தியாக்காரன்' என்று அழைக்கப்பட்டவர் இங்கே 'சிலோன்காரர்' ஆனார்.

இதைப் படிக்கும்போது மத்தேயு நற்செய்தியின் அப்பகுதியை நாம் புதிய கண்ணோடு வாசிக்கிறோம். எகிப்திலிருந்து மீண்ட சூசையப்பர் யூதேயாவுக்குப் போகவில்லை. அங்கே ஏரோதின் மகன் ஆட்சி செய்வதை அறிந்து அஞ்சி, கலிலேயாவின் நாசரேத்தில் குடியேறினார். கொடுங்கோலன் இறந்தும் அச்சம் இறக்கவில்லை. திரும்பும் வழியும் ஒரு புலப்பெயர்வே என்று நற்செய்தியாளர் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட திருத்தூதுக் கொள்கை விளக்கம் எகிப்துக்கு நாடு கடந்த திருக்குடும்பத்தையே ஏதிலியர், புலம்பெயர்ந்தோர் அனைவருக்கும் முன்மாதிரியாக வைத்தது. அந்த முன்மாதிரியில் இன்பமான இல்லத்திரும்பல் இல்லை என்பதை நம் கட்டுரையாளர்கள் கருத வேண்டும்.

இன்று எழுத வேண்டியவை

காலம் மாறிவிட்டது. இன்று நம் பகுதி இளைஞர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். தேயிலைத் தோட்டம் குடும்பத்தையே கேட்டது. வளைகுடா நாடுகளோ குறைந்த ஊதியம் பெறுபவர் குடும்பத்தை அழைத்துவர இசைவதில்லை. ஆகவே தந்தை அங்கும், பிள்ளைகள் இங்கும் வளர்கின்றனர். போகிறவரும் "பிள்ளைகளுக்காகப் போகிறேன்" என்றே சொல்கிறார். அச்சொல் மாறவில்லை, அதன் விலை மட்டும் வேறு வகையில் கொடுக்கப்படுகிறது. இந்தப் பிள்ளைகள் நாளை எழுதும் கதை எவ்வாறு இருக்கும் என்பதை இன்றே எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

அதற்குமுன், சென்றவர்களின் கதையை உள்ளவாறு எழுதிவைக்க இன்னும் சிறிது காலமே நமக்கு உண்டு. அலங்கார அன்னையின் நிழலில் வாழும் நம் குடும்பங்களில் இலங்கையையும் மலேயாவையும் பர்மாவையும் பற்றிக் கேட்டறிந்த முதியோர் குறைந்துகொண்டே வருகின்றனர். அடுத்த விழா மலருக்குக் கட்டுரை கேட்கும்போது, பெற்ற நன்மைகளோடு வேறு சிலவற்றையும் அவர்களிடம் கேட்போம். முன்பணம் எவ்வளவு, யாரிடம் வாங்கியது? புறப்படத் தீர்மானித்தது யார்; பாட்டியிடம் எவரேனும் கேட்டார்களா? வழியிலோ தோட்டத்திலோ இறந்த குழந்தைக்கு என்ன பெயர், எங்கே புதைத்தார்கள்? ஊரில் விட்டுச்சென்ற பிள்ளை யாரிடம் வளர்ந்தது? திரும்பி வந்த முதல் நாளில் யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள்?

இவற்றை எழுதினால் இறையருளுக்கு நாம் கூறும் நன்றி குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெத்லகேமின் அழுகுரலை எழுதிய பிறகுதான் மத்தேயு திருக்குடும்பத்தின் மீட்சியை எழுதினார். நம் முதியோரும் அவ்வாறே சொல்லட்டும். கேட்டு எழுதிக்கொள்ள நம் இளையோர் ஒரு குறிப்பேட்டோடு அவர்களருகே அமரட்டும்.